பட்டியலின் கடைசியில் என் பேர்

"லிஸ்ட்டுப்படிதான் சொன்னோம் பெரியப்பா" என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா, மாப்பிள்ளை? இருபது வருஷத்துக்கு மேல் கூடப் பழகினவனுக்குச் சாவுச் செய்தியைக் கடைசி ஆளாகச் சொல்கிற லிஸ்ட் என்ன லிஸ்ட்? கடைக்கு மை கொண்டுவந்து போடுகிறவருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். என்றைக்கோ ஒரு நாள் பத்திரிகை அடித்துப் போன வீரசோழன் ஊர்ப் பாய்க்குச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு எப்போது சொன்னீர்கள்? மத்தியானம் இரண்டேகால் மணிக்கு. அவரை ஒன்றரைக்கே எடுத்தாயிற்று.

இப்படித்தான் அன்றைக்குச் சண்முகவேல் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். அவருடைய மகளைக் கட்டிய மாரிமுத்து மாப்பிள்ளை ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகும் என் வாய் ஓயவில்லை. ஆள் எதிரே இல்லாதபோது, வீட்டில் தனியாக உட்கார்ந்து, அவர் சொல்லாத பதில்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஜெயித்துக்கொண்டிருந்தேன். யாரிடம் தோற்றிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பதினாறாம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறோம், நீங்களும் எழுதிக் கொடுங்கள் என்று அவர் மகள் செல்வி கேட்டாள். நான் ஆறாவதில் பாதியில் நின்றவன். எழுத்து கோணலாக இருந்தால் படிக்கிறவர்கள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சண்முகவேல் அருப்புக்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருந்தவர். மதுரையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, அப்பா படுத்த படுக்கையான பிறகு ஊருக்கே வந்துவிட்டார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். யார் என்ன சொன்னாலும் அதில் எழுதிக்கொள்வார். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். செத்துப்போகிற முறை அவருடையது இல்லை.

நான் ராமையா. அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி வழியாக வீரசோழன் போகிற தனியார் பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். இப்போது திருச்சுழிக்கு உள்ளே தள்ளி எங்கள் கரிசல் காட்டு ஊரில் வீட்டுக்காரியிடம் திட்டு வாங்குவது மட்டும்தான் வேலை.

அவரை முதலில் பார்த்தது என் மூத்த மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போனபோது. யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சிட்டையைக் கொடுத்தேன். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அழகாக ஒரு தாளில் அடித்துக் கொடுத்தார். பார்த்தால் எல்லாம் அகர வரிசையில் இருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தம்பி, இந்த வரிசைல நான் பத்திரிகை வைக்கப் போனேன்னா, வீரசோழனுக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஆறு தடவ போயிட்டு வரணும். மக கல்யாணம் முடிஞ்சு பேரன் காதுகுத்தும் வந்துரும்" என்றேன்.

வேறு ஆளாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். அவர் நோட்டை எடுத்தார். "அப்ப எந்த வரிசைல வேணும்ணே?" என்று கேட்டார்.

பஸ் வரிசையில் என்றேன். ஒவ்வொரு ஊருக்கும் அது எத்தனையாவது நிறுத்தம் என்று நம்பர் சொன்னேன். எழுதிக்கொண்டார். மறுநாள் வரச் சொன்னார். போனால் அடித்து வைத்திருந்தார். ஒன்றாவது நிறுத்தம், அடுத்தது பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது, அதற்கப்புறம்தான் இரண்டாவது.

அன்றைக்கு நான் பேசின பேச்சைக் கேட்டு அடுத்த கடையில் இருந்தவர்களே எட்டிப் பார்த்தார்கள். வீரசோழன் டிக்கெட்டு எடுத்தவனைக் முதல் நிறுத்தமான காந்தி நகர் தாண்டினதும் இறக்கிவிட்ட முதல் கண்டக்டர் உங்கள் கம்ப்யூட்டர்தான் என்றேன். அதற்கு ஒரு பையும் விசிலும் வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "தப்பு என் மேலதாண்ணே. அது நம்பரை எழுத்துன்னு நெனச்சு அடுக்கிருச்சு. எழுத்துக்கணக்குல ஒண்ணுல ஆரம்பிக்கிறது எல்லாம் ரெண்டுக்கு முன்னாடி. இது எண்ணுன்னு நான் சொல்லிருக்கணும்" என்றார். எதையோ ஒரு வார்த்தை தட்டினார். வரிசை நேராகிவிட்டது. திருச்சுழி திருச்சுழி இடத்தில் நின்றது.

அந்த வித்தையை எனக்கு விளக்கிச் சொல்ல அவர் பட்ட பாடு இருக்கிறதே. "ரெண்டு தாள்ணே. ஒண்ணுல சரக்கு. பேரு, ஊரு, நிறுத்தம், போன் நம்பர் எல்லாம் அதுல அதுபாட்டுக்குக் கிடக்கும். அதுக்கு எக்ஸ்.எம்.எல்.ன்னு பேரு. இன்னொண்ணு ஸ்டைல்ஷீட்டு. சரக்கை எப்படிக் காட்டணும்ங்கிறது அதுல இருக்கும். எதை வச்சு அடுக்கணும்ங்கிற எடத்தை மட்டும் நான் காலியா விட்டுருக்கேன். மேல இருக்கிற தலைப்பை நீங்க எதைத் தொட்டாலும் அது போயி அந்தக் காலி எடத்துல உக்காந்துக்கிரும். சரக்கு நகராது. காட்டுற வரிசைதான் மாறும்."

எனக்கு எல்லாம் பஸ்ஸாகத்தான் புரியும். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். செக்கர் ஏறிப் பாஸ் யார் யார் என்று கேட்டால் ஒரு வரிசையில் கை தூக்குவார்கள். திருச்சுழி இறங்குறவங்க என்று நான் கத்தினால் வேறு வரிசையில் எழுந்திருப்பார்கள். எவனும் சீட்டை மாற்றுவதில்லை. கேட்கிற கேள்விதான் மாறுகிறது. இதைச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. வாத்தியார் கடைசி பெஞ்சுப் பையனைப் பார்க்கிற பார்வை.

அன்றிலிருந்து அந்தக் கடையில் எனக்கு ஒரு ஸ்டூல் உண்டு. டவுனுக்கு வந்தால் ஒரு மணி நேரமாவது அதில் உட்கார்ந்து அவரை வம்புக்கு இழுக்காமல் போகமாட்டேன். பத்திரிகை அடிக்க வருகிறவர்களின் சொந்தபந்தம் எல்லாம் அந்தக் கோப்பில் ஏறிக்கொண்டே போனது. பேரைத் தொட்டால் பேர் வரிசை. நிறுத்தத்தைத் தொட்டால் என் வரிசை. ஊர் ஊராகப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு மீசை கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அது நான் சொன்ன நம்பர்.

ஒரு நம்பரைப் பொய்யாகவும் சொன்னேன். என் சகலை ஒரு அலட்டல் பேர்வழி. எதிலும் முதல் ஆளாக நிற்க வேண்டும். இளைய மகள் கல்யாணத்துக்கு வரிசை போடும்போது, அவன் ஊரை நாலாவது நிறுத்தம் என்று சொல்லாமல் நாற்பதாவது என்று சொன்னேன். அந்த வழியில் நாற்பது நிறுத்தமே கிடையாது. சண்முகவேல் எழுதிக்கொண்டார். பத்திரிகை வைக்கப் போன என் மச்சான் தாளைப் பார்த்தபடியே போய், எல்லாருக்கும் வைத்து முடித்து, முகூர்த்தத்துக்கு முதல் நாள்தான் சகலை வீட்டு வாசலை மிதித்திருக்கிறான். சகலை கல்யாணத்துக்கே வரவில்லை. என் கொழுந்தியாள் மட்டும் வந்து தனியாக நின்றாள்.

சிரித்துக்கொண்டேதான் கடையில் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தப்பாச் சொன்னா தப்பாத்தான் அடுக்கும்ணே. அதுக்குக் கேலி தெரியாது" என்றார். எனக்கும் தெரியாதுண்ணே என்று சேர்த்துக்கொண்டார்.

அது உண்மைதான். அவரிடம் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புவார். பாலவனத்தத்தில் ஒரு மாடு வாரத்துக்கு ஒரு நாள் தானாகப் பஸ் ஏறி விருதுநகர் போய்வருகிறது என்று ஒரு தடவை சொன்னேன். எந்த பஸ் என்று கேட்டார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் தம்பி இறந்தான். காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. அப்போதுதான் சர்க்கரைக்கு ஊசி போட்டிருந்தேன். எட்டரைக்குச் சாப்பிட வேண்டும். எங்கள் பக்கம் துட்டிச் செய்தி, அதாவது சாவுச் செய்தி, காதில் விழுந்துவிட்டால், எடுத்து முடித்து, குளித்து வருகிறவரைக்கும் வாயில் எதுவும் வைக்க மாட்டோம். கூடப் பிறந்தவன் கிடக்கிறான், எனக்கு எங்கே இறங்கும்? ஊசியை நினைக்கவே இல்லை. பத்தரை மணிக்குப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டே சரிந்துவிட்டேன். எல்லாரும் துக்கம் என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். துட்டிக்கு வந்திருந்த சண்முகவேல்தான் ஓடிப்போய்ச் சீனியைக் கரைத்துக் கொண்டுவந்து என் வாயைத் திறந்து ஊற்றினார். துட்டி வீட்டில் இனிப்பா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்தச் சாதுவான மனுஷர் அவர்களைப் பார்த்து வாயை மூடச் சொன்னாராம். எனக்கு நினைவில்லை. என் வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்.

ஒரு வாரம் கழித்து எங்கள் ஊருக்கே வண்டியில் வந்தார். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். நோட்டை எடுத்தார். கோப்பில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன் என்றார். ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், வயதானவர்கள், இவர்களுக்கெல்லாம் காலைச் சாப்பாடு முடிகிற நேரம். துட்டி என்கிற பொத்தானை அமுக்கினால், நேரம் குறிக்காதவர்கள் முதலில் வருவார்கள். மற்றவர்கள் அவரவர் சாப்பிட்டு எழுந்திருக்கிற நேரப்படி பின்னால் வருவார்கள். வரிசைப்படி போன் பண்ணிக்கொண்டே வந்தால், சாப்பிடாதவன் காதில் சாவுச் செய்தி விழாது. ஊர் ஊராகப் போய் இருபது முப்பது பேரிடம் கேட்டு எழுதியிருந்தார்.

"நீங்க எத்தனை மணிக்குண்ணே சாப்பிட்டு முடிப்பீக?" என்று கேட்டார்.

என்ன புத்தியோ எனக்கு. பந்தலில் விழுந்ததை அவர் பார்த்துவிட்டார் என்கிற கூச்சமும் கொஞ்சம் இருந்தது. கூச்சம் வந்தால் எனக்குக் கேலிதான் வரும். "நானா? ரெண்டு மணிக்கு" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டாவது ட்ரிப்பு அடிச்சுட்டுத்தான் சாப்பிட்டுப் பழக்கம். கண்டக்டர் வயிறு தம்பி. காலைல பச்சத் தண்ணி இறங்காது. விழுந்ததுக்கப்புறம் ஊசியையும் மத்தியானத்துக்கு மாத்தியாச்சு" என்று ஒரு போடு போட்டேன். "நெசமாவாண்ணே?" என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார். அவர் வண்டி கண்மாய்க்கரையைத் தாண்டுகிறவரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது உடைத்துச் சொல்லி அந்த முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். மறந்துபோனேன். நாலு வருஷம் மறந்துபோனேன்.

அவர் இறந்த அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மணிக்கு ஊசி. எட்டரைக்கு நாலு இட்லி. ஒன்பது மணிக்கு மந்தையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சண்முகவேலையும் பஸ் ஏறுகிற மாட்டையும் சொல்லி நாலு பேரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவர் வீட்டில் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். விடிகாலையில் எழுந்து, பல் விளக்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். மூன்று நாள் முன்னால்தான் அவரோடு டீ குடித்தேன். கிளாஸில் ஒரு வாய் மீதி வைக்கிற பழக்கம் அவருக்கு. அன்றைக்கும் வைத்தார். அதற்கும் கேலி பண்ணினேன்.

இரண்டேகாலுக்குப் போன். மாரிமுத்து குரல். "பெரியப்பா, சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் மாப்பிள்ளை என்றேன். "மாமா தவறிட்டாக" என்றார். நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். அந்த வீட்டிலும் ஒருவழியாகக் கேலி செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்று நினைத்துவிட்டேன். மாப்பிள்ளை அதையே இன்னொரு தடவை சொன்னார். அப்புறம்தான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பஸ் பிடித்துப் போய் இறங்கும்போது மணி நாலு. வாசல் கழுவி ஈரமாக இருந்தது. ஆண்கள் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. அவர் வீட்டம்மா என்னைப் பார்த்ததும், "மூஞ்சியப் பாக்காமப் போயிட்டீகளே அண்ணே, உங்களைத்தானே தேடிருப்பாக" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் நான் மாப்பிள்ளையைப் பேசினதுதான் முதலில் எழுதினது. ஊர் முன்னால் பேசினேன். என்னைக் கடைசியில் தள்ளுகிற அளவுக்கு அவருக்கு நான் யாரோதானா என்று கேட்டேன். அந்தக் கேள்வி மாப்பிள்ளைக்கு இல்லை. செத்தவருக்கு.

பன்னிரண்டாம் நாள் மனசு ஆறாமல் கடைக்குப் போனேன். செல்வி அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து பதினாறாம் நாளுக்குச் சொல்ல வேண்டியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த லிஸ்ட்டைக் காட்டு, என் பேர் ஏன் கடைசியில் கிடக்கிறது என்று தெரிய வேண்டும் என்றேன். அவள் துட்டி என்கிற பொத்தானை அமுக்கினாள். பேர்கள் புரண்டு வரிசையாக நின்றன. கடைசி வரிக்குப் போனாள். நான் கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

ராமையா அண்ணன். நிறுத்தம் ஏழு. ஊசி. வெறும் வயிற்றில் சொல்லக் கூடாது. சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு மெதுவாகச் சொல்லவும். நேரம் 14.00.

நான் சொன்ன இரண்டைப் பதினாலு என்று எழுதியிருந்தார். ரயில்காரர்கள் கணக்கு. ஏன் அப்படி என்று செல்வியிடம் கேட்டேன். இரண்டு என்றே எழுதினால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் முன்னால் போய் நின்றுவிடும், அந்த ஆளுக்குக் காலையிலேயே சொல்லிவிடுவார்கள் என்று அப்பா பார்த்துப் பார்த்து மாற்றினார் என்றாள். கேளுங்கள். கொஞ்சம் அசட்டையான மனுஷராக இருந்து, நான் சொன்ன பொய்யைச் சொன்னபடியே எழுதியிருந்தால், என் பேர் மேலே வந்திருக்கும். நான் அவர் முகத்தைப் பார்த்திருப்பேன். நான் விழுந்துவிடக் கூடாது என்று அவர் எடுத்துக்கொண்ட அக்கறைதான் என்னைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் சரியாக அடுக்கியிருந்தார். மாப்பிள்ளை சரியாகச் சொன்னார். தப்பாகச் சொன்னது ஒரே ஒரு ஆள்.

ஆகையால் மாப்பிள்ளை, ஊர் முன்னால் பேசினதை ஊர் படிக்கிற புத்தகத்தில் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் இரண்டேகால்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு, எரியூட்டிய இடத்தில் நின்றபடி, இன்னும் ஒரு ஆள் பாக்கி என்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று செல்வி சொன்னாள். அதற்கு நான் கொடுத்த மரியாதை அது.

சண்முகவேல் தம்பி, உங்களிடம் எப்படி விடைபெறுவது என்று தெரியவில்லை. நீங்கள் இருந்தால் நோட்டை எடுத்து, எப்படி வேணும்ணே என்று கேட்பீர்கள். இந்த ஒரு தடவை நிஜத்தைச் சொல்லியிருப்பேன். போய் வாருங்கள். டீயை மிச்சம் வைக்காமல் குடியுங்கள்.

கடையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதும் செல்வி அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திரையைப் பார்த்தபடியே, அப்பா கேட்கிற அதே குரலில், "இப்பச் சொல்லுங்க பெரியப்பா. எத்தனை மணிக்குச் சாப்பிட்டு முடிப்பீக?" என்றாள்.

"எட்டரை."

பதினாலை அழித்துவிட்டு எட்டரை என்று போட்டாள். பொத்தானை அமுக்கினாள். கடைசி வரியில் இருந்த என் பேர் அங்கே இல்லை. மேலே ஏறிப் போயிருந்தது. அதற்கு அடுத்த வரி, எட்டு நாற்பத்தைந்து. நெஞ்சு மாத்திரை, சாப்பிட்டபின். பேர், சண்முகவேல். என்னிடம் ஒரு நாள்கூடச் சொல்லாத மாத்திரை. அவர் பேரை அவள் இன்னும் எடுக்கவில்லை. கழுவிவிட்ட வாசலுக்கு வந்து நின்றவன், பன்னிரண்டு நாள் கழித்து அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அவள் கை அந்த வரிமேல் போய் நின்றது. எனக்குப் பதறிவிட்டது. "தாயி, அதை எடுத்துறாத. சரக்கு இருந்தபடி இருக்கட்டும், வேணாம்னா காட்டுறப்ப மட்டும் விட்டுக்கிரலாம்னு உங்கப்பாவே" என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, என்னைப் பார்க்காமல், வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.

திரையில் நாங்கள் இரண்டு பேரும் மேலும் கீழுமாக நின்றுகொண்டிருந்தோம்.